இரண்டு பேருக்கு மட்டும் மழை

"ரெண்டே பேருங்க! நானும் என் மனைவியும்! வேற யாரும் கிடையாது!"

மாடிப்படித் திருப்பத்தில் நின்று, ஜன்னல் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டியபடி வானிலை சார் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். கமுக்கமாக முடிக்க வேண்டிய காரியம் அது. ஆனால் அந்தக் கட்டடத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தப் படித் திருப்பம்தான். மறுமுனையில் ஏரிக்கரை விடுதிக்காரர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"சனி, ஞாயிறுங்க! ஏரியப் பாத்த மாதிரி வராந்தா இருக்குமே, அந்த ரூம்! ஆமாங்க, ஏரி! ஏ...ரி!"

மேல் மாடியில் ஒரு தாழ்ப்பாள் விலகியது. கீழே ஒரு கதவு திறந்தது. எதிர் வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. ஆனால் அதன் அடி இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் வந்து நின்றது.

வானிலை சாருக்கு வியர்த்தது. இந்தக் கட்டடத்துக்குத் தெரியக் கூடாது என்பதுதான் இந்தப் பயணத்தின் ஒரே நிபந்தனை. நிபந்தனை போட்டவள் அவர் மனைவி.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை பார்ப்பவள். மழைக்காலம் வந்தால் ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பாதிக்கு இருமல். ஆகவே மழை பெய்கிற நாளெல்லாம் அவள் கம்பி போட்ட ஒரு ஜன்னலுக்குப் பின்னால் மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பாள். மழை என்பது அவளைப் பொறுத்தவரை நோயாளிகளின் செருப்போடு உள்ளே வரும் சேறு, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, ஒரு தண்ணீர்ப் பரப்பின் மேல் மழை பெய்வதை, நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் கணவனை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் கல்யாணம் ஆன நாள் முதல் நிறைவேறவில்லை.

போன வருஷம் கிட்டத்தட்ட நிறைவேறியது. வானிலை சார் வாய் சும்மா இராமல், "அருவிக்குப் போறோம், கண்டிப்பா மழை இருக்கு" என்று படியில் நாலு பேரிடம் சொல்லிவைத்தார். சனிக்கிழமை விடிந்தபோது வாசலில் மொத்தக் கட்டடமும் மூட்டை முடிச்சோடு நின்றது. மலைப்பாதையில் வளைவுக்கு ஒருவர் வாந்தி எடுத்தார். மருந்துக்காரி கூடவே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள்? இரண்டு நாளும் அவள் மாத்திரை கொடுத்தாள், நெற்றியில் தைலம் தேய்த்தாள், பிளாஸ்டிக் பை நீட்டினாள். ஒரு சொட்டு மழையும் பெய்யவில்லை.

"மேகம் திசை மாறிடுச்சு" என்றார் வானிலை சார்.

"நானும் மாறிடுவேன்" என்றாள் அவள்.

இந்த வருஷம் யார் யார் காலையோ பிடித்து ஒரு சனிக்கிழமை விடுப்பு வாங்கியிருந்தாள். வாங்கிய கையோடு கணவனிடம் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை கட்டடத்துல இருந்து ஒரு ஈ, காக்கா கூட வரக் கூடாது. வந்துச்சு, நான் அப்படியே என் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். மழைக்காலம் முடிஞ்சுதான் திரும்புவேன். நீங்களே சமைச்சு நீங்களே சாப்பிடுங்க."

வானிலை சாருக்கு வெந்நீர் வைக்கவே சரியாக வராது. அதைவிட முக்கியம், அவள் இல்லாத வீட்டில் அவருக்கு உட்காரவும் தெரியாது, நிற்கவும் தெரியாது.

"என்ன சார், ஏரிக்கரைக்கா?"

கீழ்த்தளத்துச் செயலாளர் தோளில் துண்டோடு படியேறி வந்துவிட்டார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்துப் பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தால், அவர்களை ஒரு வண்டியில் ஏற்றி எங்கேயாவது அனுப்பாவிட்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

"ஏரியா? எந்த ஏரி?"

"இப்ப நீங்கதானே ஏரி ஏரின்னு கத்தினீங்க. அடுத்த தெருவுக்கே கேட்டுச்சே."

வானிலை சார் எச்சிலை விழுங்கினார். "அதுவா? ரத்து பண்ணிட்டிருந்தேன் சார். போகலாம்னு ஒரு நினைப்பு இருந்துச்சு. ஆனா முடியாது. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பேய் மழை."

"பேய் மழையா!"

செயலாளரின் கண்கள் விரிந்தன. மேல் மாடிக் கைப்பிடியில் பல் டாக்டரின் மனைவி தலைவாரிக்கொண்டிருந்த சீப்போடு எட்டிப் பார்த்தாள்.

இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வானிலை சார் வாயைத் திறந்தால் கட்டடமே காதைத் தீட்டிக்கொள்ளும். அவர் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார் என்பது உண்மை. அங்கே சம்பளப் பிரிவில் இருக்கிறார் என்பதும் உண்மை. முதல் உண்மையை அவரே சொல்லிவிடுவார். இரண்டாவதை யாரும் கேட்டதில்லை. அவருடைய பிரிவு அடித்தளத்தில் இருந்தது, ஜன்னலே கிடையாது. வெளியே இடி விழுந்தாலும் யாராவது இறங்கி வந்து சொன்னால்தான் தெரியும். ஆனால் காலையில் லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது மேல் மாடி நிபுணர்கள் பேசிக்கொள்வதில் பாதி அவர் காதில் விழும். மீதிப் பாதியை அவரே போட்டு நிரப்பிக்கொள்வார்.

அப்படி நிரப்பியதைக் கட்டடத்துக்காரர்கள் கேட்கிற அழகே தனி. தினமும் காலையில் படியில் நிறுத்தி, "இன்னைக்கு எப்படி சார்?" என்பார்கள். இவர் சொல்வார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு ஓடுவார்கள். செயலாளர் தன் மகள் கல்யாண வரவேற்பைத் திறந்த மைதானத்தில் வைப்பதா, மண்டபத்துக்குள் வைப்பதா என்று இவரைக் கேட்டுத்தான் முடிவு செய்தார். விழா பிரமாதமாக நடந்தது. அன்றைக்கு மணமக்களுக்கு அடுத்தபடியாக எல்லாரும் இவரோடுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் இவர் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூட ஆளில்லை. கட்டடத்தில் இவர் ராஜா.

"ஏரிப் பக்கமா சார் மழை?" என்றார் செயலாளர்.

"குறிப்பா ஏரிப் பக்கம்தான். கரை உடைஞ்சாலும் உடையும்."

"காலையில இருந்தேவா?"

"விடியறதுக்கு முன்னாடியே."

"மாறவே மாறாதே? எதுக்கும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"என் ஆபீஸ் மேல சத்தியம்."

செயலாளர் அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினார். "சார், நீங்க இல்லேன்னா இந்தக் கட்டடம் என்ன ஆகும்?" என்று தழுதழுத்துவிட்டு, வயசையும் பார்க்காமல் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். ஜன்னல்களைச் சாத்த ஓடுகிறார் போலிருக்கிறது என்று வானிலை சார் நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஊமைக்கோட்டான் வெளியே வந்தார். கட்டடம் வைத்த பேர் அது. நூலகத்தில் வேலை. அங்கே பேசக் கூடாது என்ற பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டவர். "ம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் யாரும் கேட்டதில்லை. நேற்றுக் காலை, "இன்னைக்கு வெயில் மண்டையப் பொளக்கும்" என்று வானிலை சார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கக்கத்தில் குடையோடு படியிறங்கிப் போன ஆசாமி. சில பேர் அப்படித்தான், காரணமில்லாமல் எதையாவது சுமந்துகொண்டு திரிவார்கள். சாயங்காலம் வானிலை சார் தொப்பலாக நனைந்து வீடு வந்தபோது, மொட்டை மாடியில் இவர் வீட்டுத் துணி மட்டும் கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கியது. மனைவி வேலைக்குப் போகிற வீட்டில் துணியை எடுக்க யார் இருக்கிறார்கள்?

ஊமைக்கோட்டான் இன்றைக்கும் ஒரு சிரிப்புச் சிரித்தார். போய்விட்டார்.

"ஆச்சா?" என்றாள் மனைவி, வானிலை சார் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"ஆச்சு. ஏரியப் பாத்த ரூம். ரெண்டு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லிட்டேன்."

"யாருக்கும் தெரியாதே?"

"லேசா மோப்பம் புடிச்சாங்க. பேய் மழைன்னு சொல்லி அப்படியே அமுக்கிட்டேன்."

அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "நிஜமாவே மழை வருமாங்க?"

"உனக்கு எதுக்குச் சந்தேகம்? நான் இருக்கேன்ல?"

அந்த வெளிச்சம் இரவுச் சாப்பாடு வரைகூட நிற்கவில்லை. கதவு தட்டப்பட்டது. பல் டாக்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், போன வருஷம் குடுத்தீங்களே, பஸ்ல வாந்தி வராம இருக்க ஒரு மாத்திரை? அது ஒரு பட்டை கிடைக்குமா? சனிக்கிழமை ஏரிக்குப் போறோம். செயலாளர் வேன் பேசிட்டார்."

மனைவி மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால்கூட வானிலை சாருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வர வேணாம்னுதான்டி சொன்னேன்! கரை உடையும்னு கூடச் சொன்னேன்!"

"நீங்க பொய் சொன்னா உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்குமே. இவரு கமுக்கமாப் போறாரு, நமக்கு மட்டும் மழைன்னு கதை விடறாருன்னு புரிஞ்சுக்கிட்டாங்க."

யோசித்துப் பார்த்தபோது அது சரியென்றே பட்டது. பொய்யில் கனம் போதவில்லை. பேய் மழை என்பது பாட்டி கதை மாதிரி இருக்கிறது. ஆபீஸ் பாஷையில் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை தண்ணீர் மோட்டார் அறையில் செயலாளரைப் பிடித்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"சார், இது வெளியில போகக் கூடாது. ஆபீஸ் ரகசியம்."

செயலாளர் மோட்டாரை நிறுத்தினார். "சொல்லுங்க."

"காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்."

"ஐயோ!"

"அதுவும் சாதா மண்டலம் இல்ல. நகராம ஒரே எடத்துல குத்த வெச்சு உக்காந்திருக்கு. ஏரிக்கு நேர் மேல. சனிக்கிழமை புயலா மாறுது. மரமெல்லாம் வேரோட போயிடும். ரூம் புக் பண்ணவங்க உசுரோட திரும்பறதே கஷ்டம்."

"புயலே வருதா சார்? நிச்சயமா?"

"எங்க ஆபீஸ் பெரியவர் கைப்பட எழுதினத என் கண்ணால பாத்தேன்."

செயலாளரின் கண்கள் கலங்கிவிட்டன. "இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்களே சார்" என்று வானிலை சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மோட்டார் மசி சட்டையில் ஒட்டிக்கொண்டது. அதனால் என்ன, வேலை முடிந்தது என்ற நிம்மதியோடு வானிலை சார் அலுவலகம் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பல் டாக்டரின் மருத்துவ அறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'சனி, ஞாயிறு விடுமுறை. பல் வலி உள்ளவர்கள் திங்கள் வரை பொறுத்துக்கொள்ளவும்.' மொட்டை மாடியைப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டு மெத்தையும் தலையணையும் வரிசையாக வெளியே காய்ந்துகொண்டிருந்தன. புயல் வருகிறது என்று சொன்ன கட்டடத்தில் எந்த மடையனாவது மெத்தையை வெளியே போடுவானா?

செயலாளர் வாசலிலேயே எதிர்கொண்டார். முகமெல்லாம் பல். "சார், வேன் பத்தல. பக்கத்துக் கட்டடத்துக்காரங்களும் கேட்டாங்க. பஸ்ஸாவே பேசிட்டேன். ஏரிக்கரை விடுதியில மிச்ச ரூம் பூரா நம்மதுதான்."

"பக்கத்துக் கட்டடமா? நான் அது ரகசியம்னு சொன்னேனே!"

"நானும் ரகசியம்னு சொல்லித்தான் சார் சொன்னேன்."

வானிலை சார் படியேறியது ஏதோ மலையேறுவது போல இருந்தது. உள்ளே மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏரிக்கு எடுத்துவைத்த துணி ஒரு பக்கம், அக்கா வீட்டுக்கு எடுத்துவைத்த துணி ஒரு பக்கம். அக்கா வீட்டுப் பக்கம் உயர்ந்துகொண்டே போயிற்று.

"அந்தப் பெட்டியாலதான் வந்துச்சு வினை" என்றார் அவர். "நீ ஜன்னலத் தொறந்து வெச்சு அடுக்கறதப் பாத்துட்டாங்க. நாம கெளம்பறது தெரிஞ்சா அப்புறம் நான் புயல்னு சொன்னாலும் பூகம்பம்னு சொன்னாலும் எவன் நம்புவான்?"

"ஓஹோ, தப்பு என் பெட்டி மேலயா?"

"தப்பு யாரு மேலன்னு அப்புறம் பாக்கலாம். இப்ப நாம போகலன்னு அவங்க கண்ணாலயே பாக்கணும். எனக்குக் காய்ச்சல். நான் படுத்துக்கறேன். அவங்களும் போறத விட்டுருவாங்க. இல்லியா, அவங்க மட்டும் போகட்டும். நாம வேற எங்கயாவது, எதாவது ஒரு குட்டையப் பாத்த மாதிரி..."

"எனக்கு ஏரி வேணும்."

"சரி, ஏரியே. மொதல்ல படுக்கறேன்."

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கழுத்தில் ஒரு மப்ளர். தலைமாட்டில் மருந்துப் புட்டி. செய்தி பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பல் டாக்டர் வந்து, பழக்க தோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஊமைக்கோட்டான் வந்து கால்மாட்டில் உட்கார்ந்து, "ம்" என்று ஆறுதல் சொன்னார். கடைசியாகச் செயலாளர் வந்தார். வானிலை சார் முனகினார்.

"என்னால முடியல சார். நாங்க எங்கயும் வரல. இந்தப் புயல்ல நீங்களும் போகாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க."

"இன்னும் புயல்தானே சார்? மாறலியே?"

"நேத்த விட மோசம்."

"அப்பாடா..." என்ற செயலாளர், உடனே சுதாரித்துக்கொண்டு, "அப்பா, என்ன காய்ச்சல், என்ன காய்ச்சல்!" என்று அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார். "மேடம், இவர இந்த நிலைமையில தனியா விட்டுட்டு நாங்க மட்டும் போனா மனசு கேக்குமா? பஸ்ல பின் சீட்டப் படுக்கையாப் போடச் சொல்லிட்டேன். அப்படியே அலுங்காம தூக்கி வெச்சுக் கூட்டிட்டுப் போறோம். சார் கூட இல்லாம நாங்க எங்க போறது? சார் பக்கத்துல இருந்தாத்தான் எங்களுக்கு ஒரு தைரியம்."

வானிலை சார் போர்வைக்குள்ளிருந்து மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஏரிக்கு வைத்த துணியையும் அக்கா வீட்டுத் துணியையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"அங்கயிருந்தே அக்கா ஊருக்குச் சாயங்காலம் நேர் பஸ் இருக்கு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. வானிலை சாருக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும் போலிருந்தது.

சனிக்கிழமை காலை அவரை நாலு பேர் போர்வையோடு தூக்கிப் பஸ்ஸில் படுக்க வைத்தார்கள். வழியெல்லாம் வளைவு. வளைவுக்கு ஒருவர் வாந்தி. மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து மாத்திரை கொடுத்தாள், பை நீட்டினாள். ஒவ்வொரு தடவை பின் சீட்டைக் கடக்கும்போதும் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அவசரமாக முனகுவார்.

ஏரிக்கரையில் இறங்கியபோது வெயில் பல்லைக் காட்டியது. வானத்தில் வெள்ளை மேகம்கூட மருந்துக்கு இல்லை. ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. கட்டடத்துக்காரர்கள் 'ஹோ' என்று கத்திக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். பல் டாக்டர் படகு ஓட்டினார். அவர் மனைவி ஈரத் துணியையெல்லாம் கயிறு கட்டிக் காயப்போட்டாள். பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் பந்து விளையாடினார்கள். ஏரியைப் பார்த்த அந்த அறையின் வராந்தாவில், சொன்னபடியே இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. இரண்டிலும் யாரோ ஈரத் துண்டுகளை விரித்திருந்தார்கள்.

மனைவி அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

"ரெண்டு நாற்காலி" என்றாள். "நான் கேட்டது அவ்வளவுதான்."

பெட்டியை எடுக்க உள்ளே போய்விட்டாள். வானிலை சாருக்கு அழுகை வந்தது. அவளைத் தடுத்து நிறுத்த அவரிடம் ஒரு பொய்யும் மிச்சம் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு, படகில் போன சிலரைத் தவிர எல்லாரும் மரத்தடியில் கூடியிருந்தார்கள். வானிலை சார் மப்ளரைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே போனார். அவர் வருவதைக் கண்டதும் செயலாளர் எழுந்து நின்றார்.

"உடம்பு எப்படி சார் இருக்கு? அப்புறம்... நாளைக்கு எப்படி?"

இத்தனை தலைகளும் அவர் வாயைப் பார்த்தன. எத்தனையோ தடவை அவர் ரசித்த பார்வை அது. இன்றைக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நல்ல ஜனங்களிடம், படுக்கையோடு தூக்கி வந்த ஜனங்களிடம், மூன்று நாளாகப் புளுகியிருக்கிறார். போதும். பெண்டாட்டிதான் போகிறாள், மனசாட்சியாவது மிஞ்சட்டும்.

"எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க" என்றார். "எனக்குக் காய்ச்சல் இல்ல. காற்றழுத்தமும் இல்ல, புயலும் இல்ல. நானும் என் சம்சாரமும் தனியா வரணும்னு சும்மா அடிச்சு விட்டேன். ஆனா இப்ப உண்மையச் சொல்றேன். நல்லா வானத்தப் பாத்துட்டுத்தான் சொல்றேன். இன்னைக்கும் சரி, நாளைக்கும் சரி, பொட்டு மழை கிடையாது. ரெண்டு நாளும் இதே வெயில்தான். யாரும் எதுக்கும் பயப்படாதீங்க. ஆசை தீர இருந்து அனுபவிங்க."

யாரும் கை தட்டவில்லை. வாய்க்குக் கொண்டுபோன கை பாதி வழியில் நின்றது. பல் டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் துணிக்கொடியைப் பார்த்தாள்.

"பொட்டுக்கூட இல்லியா சார்?" என்றார் செயலாளர்.

"சத்தியமா இல்ல."

"எப்ப வரைக்கும்?"

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் நான் பொறுப்பு."

அடுத்த நொடி மரத்தடி கலகலத்துப் போயிற்று. சாப்பாட்டுத் தட்டைப் போட்டது போட்டபடி பல் டாக்டரின் மனைவி ஓடிப்போய்க் கயிற்றிலிருந்த துணியை வாரிச் சுருட்டினாள். பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் பந்தில் காற்றைப் பிடுங்கினார்கள். படகில் இருந்தவர்களைக் கைதட்டிக் கரைக்குக் கூப்பிட்டார்கள். "ம், சீக்கிரம், சீக்கிரம்! மண் ரோடு இருக்கு, வெளிச்சம் இருக்கறப்பவே தாண்டியாகணும்!" என்று செயலாளர் டிப்போக் குரலில் அதட்டினார். பஸ் உறுமத் தொடங்கியது.

வானிலை சாருக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு கோபமா? கொஞ்சம் புளுகியதற்காகவா? ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினார்.

"டாக்டர், கோச்சுக்காதீங்க! தெரியாம சொல்லிட்டேன்!"

"ச்சே ச்சே, கோவமா? ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிக்கொண்டே பல் டாக்டர் பஸ்ஸில் தொற்றினார்.

"செயலாளர் சார், நீங்களாவது இருங்க! நல்ல வெயில்னு சொல்றேன்ல!"

"சரியான நேரத்துல சொன்னீங்க சார், மறக்கவே மாட்டோம். நீங்க ரெண்டு பேரும் நிதானமா இருந்துட்டு வாங்க. திங்கட்கிழமை காலையில படியில பாப்போம்!"

அந்தச் சந்தடியில் மனைவி பெட்டியோடு வராந்தாவுக்கு வந்தாள். ஏரிக்கரை காலியாகிக்கொண்டிருந்தது. நாற்காலிகளிலிருந்த துண்டுகளை யாரோ உருவிக்கொண்டு ஓடியிருந்தார்கள். அவள் அந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், பிறகு ஏரியின் அக்கரையைப் பார்த்தாள். பார்த்தது பார்த்தபடி நின்றாள். பெட்டி கையிலிருந்து கீழே இறங்கியது.

கடைசியாகப் பஸ்ஸை நோக்கி வந்தவர் ஊமைக்கோட்டான். கக்கத்தில் வழக்கம் போலக் குடை. வானிலை சார் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க வாயத் தொறக்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனாலும் கேக்கறேன். நான் அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஏன் எல்லாரும் இப்படி ஓடறாங்க?"

டிரைவர் ஹாரன் அடித்தார். எங்கிருந்தோ ஒரு குளிர்ந்த காற்று வந்து மரத்தடி இலைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போயிற்று. வராந்தாவில் மனைவி ஒரு நாற்காலியை ஏரிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இன்னொன்றைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏங்க, இங்க வாங்களேன்!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலை அவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. திரும்பிப் பார்த்தார். பளிச்சென்ற அவருடைய வழுக்கையில் கொழுத்த சொட்டு ஒன்று வந்து விழுந்தது.

ஊமைக்கோட்டான் பஸ் படியில் ஒரு காலை வைத்தார். கக்கத்திலிருந்த குடையை எடுத்து வானிலை சாரின் கையில் திணித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க சொல்றதுக்கு அப்படியே நேர் மாறா செஞ்சுக்கிட்டு வர்றோம் சார், நம்ம கட்டடத்துல இத்தன வருஷமா உங்களத் தவிர ஒருத்தரும் நனைஞ்சதே இல்ல."